இரட்டைக்குழல் துவக்கும் ஒரு நாயின் பெயரும்

வேட்டை இலக்கியம் என்று ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தில் அது ஒரு பெருங்காடு. பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று, அருமையாய் வளர்த்த நாய் ஒன்று, புதரிலிருந்து விர்ரென்று எழும் கௌதாரியோ காட்டுக்கோழியோ ஒன்று: இம்மூன்றையும் வைத்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக் குவித்திருக்கின்றனர். நம்மவரிடையே இவ்வகை எழுத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். பேச நேர்ந்தாலும் ‘சீமான்களின் பொழுதுபோக்கு’ என்ற ஒரே தொடரில் வழக்கை முடித்துவிடுவர். நானும் அவ்வாறு முடித்தவனே. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருநாள் நண்பர் ஒருவர் ஜிம் கோர்பெட்டின் நூலை எடுத்துப் பேசப் புகுந்தபோது, ‘வெள்ளைத்துரையின் வேட்டைக் கதை நமக்கு எதற்கு?’ என்று கேட்டு அவர் வாயை அடைத்தவன் நான். அந்தக் கேள்வியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரை.

என்னை அசைத்தது ஆங்கில நூல் எதுவும் அன்று; ஒரு மாணவனின் கட்டுரைக் கொப்பி. பத்தாம் தரத்தில் படிக்கும் பையன். ‘என்னைக் கவர்ந்த ஒருவர்’ என்பது தலைப்பு. ஏனையோர் அப்துல் கலாமையும் அன்னை தெரேசாவையும் எழுதியிருக்க, இவன் தன் அம்மப்பாவை எழுதியிருந்தான். அம்மப்பாவும் அவருடைய கூட்டாளியான ஒரு முஸ்லிம் பெரியவரும் விடத்தல்தீவின் பற்றைகளிலே கௌதாரி வெடிவைக்கப் போன கதை அது. கூட்டாளியின் உரிமத் துவக்கு, கூட்டாளியின் நாய், அம்மப்பாவின் கால் என்று பங்கு பிரித்திருந்தான். நான் சிவப்பு மையை எடுத்தேன். ‘துவக்கு’ என்று வந்த இடமெல்லாம் ‘துப்பாக்கி’ என்று மாற்றினேன். ‘வெடிவைத்தார்’ என்பதைச் ‘சுட்டார்’ ஆக்கினேன். நாயின் பெயர் கறுவல். அது ஒன்பது இடத்தில் வந்தது, ஏழு இடத்தில் வெட்டினேன். கடைசிப் பந்தி முழுவதையும் ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று குறுக்கே கோடிட்டேன். இருபதுக்குப் பதினொன்று கொடுத்தேன். அந்தக் கடைசிப் பந்தியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரைப் பற்றி இரண்டொரு சொல். விடத்தல் என்பது முள்மரம்; பெயரே நிலத்தைச் சொல்லிவிடுகிறது. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் கடற்கரைப் பாதையிலே, ஒரு பக்கம் கண்டலும் சேற்றுக்களப்பும், மறுபக்கம் வயலும் முட்பற்றையுமாய்க் கிடக்கும் ஊர். கௌதாரி இலங்கை முழுவதிலும் காணப்படும் பறவை அன்று. வரண்ட வடமேற்குக் கரையோரமும் யாழ்ப்பாணக் குடாநாடுமே அதற்கு வீடு. அது பறக்கச் சோம்பும் பறவை. ஆளரவம் கேட்டால் புதருக்குள் புதராய் ஓடி ஒளியுமேயன்றி எளிதில் எழும்பாது. எழும்பாத பறவையை எழுப்புவதற்குத்தான் நாய். நாயில்லாதவன் துவக்கை வைத்துக்கொண்டு பற்றையைப் பார்த்து நிற்க வேண்டியதே. வேட்டை இலக்கியத்தில் துவக்கைவிட நாய்க்கே கூடுதலான பக்கங்கள் ஒதுக்கப்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

இலங்கையை வைத்து எழுதப்பட்ட வேட்டை நூல்களுள் புகழ்பெற்றது சாமுவேல் பேக்கர் என்பார் 1854இல் வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே துவக்கும் நாயும் இருக்கின்றன. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய இவர், மலைக்காட்டில் மரைகளை நாய் விட்டுத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றார். தாழ்நிலத்தில் யானைகளைச் சுட்டார். தம் ஆயுதங்களைப் பற்றி எழுதும்போது அவருடைய நடை உருகுகிறது. 21 இறாத்தல் நிறையும் 4 அவுன்ஸ் குண்டும் உடைய ஒற்றைக்குழல் துவக்கைப் பற்றி அவர் எழுதுவது, தாய் பிள்ளையைப் பற்றி எழுதுவது போன்றது. ஸ்மட், கில்பக், பிரான் என்று அவருடைய நாய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, மரணத்துக்கு ஓர் இரங்கலும் உண்டு. அந்த இரங்கல் போலியானது என்று நான் சொல்லமாட்டேன். படித்தால் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

ஆனால் பேக்கரின் கூடாரத்தைச் சுமந்தவர் யார்? பெட்டியையும் மருந்தையும் குண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு அட்டைக் காட்டில் நடந்தவர் யார்? அவர்கள் பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற ஒற்றைப் பன்மையில் அடங்கிவிடுகின்றனர். இத்தனை கூலிகள் வந்தார்கள், இத்தனை கூலிகள் ஓடினார்கள் என்பதோடு சரி. இதை வெறும் நடைக் குறையாக எண்ணிவிடல் ஆகாது. பேக்கர் நுவரெலியாவில் நாய்க்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையிற் கால்நடையாய்ச் சென்றனர். பேதியிலும் காய்ச்சலிலும் நீரில்லாமையிலும் ஆயிரக்கணக்கானோர் அப்பாதையோரத்தில் விழுந்து மடிந்தனர். எங்கள் மாவட்டத்து மண்ணில் அவர்கள் எலும்பு கிடக்கிறது. பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஸ்மட்டின் பெயர் உலகம் அறியும். இதைச் சொல்லும்போது நாயின் மேல் எனக்குக் காழ்ப்பு ஏதும் இல்லை. பெயர் வைக்கத் தெரிந்த ஒரு கை, எங்கே பெயர் வைத்தது, எங்கே வைக்காமல் விட்டது என்பதைப் பார்ப்பதே விமர்சகன் வேலை என்கிறேன்.

பழந்துவக்குகளின் மேல் உள்ள காதலையும் இவ்விடத்தே சற்றுப் பார்க்கலாம். இக்காதல் இன்றும் குறையவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய துவக்குகளைத் தேடி வாங்குவோர் பலர். இலண்டனிலும் பேர்மிங்காமிலும் செய்யப்பட்டவை அவை. இரும்புப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டைச் சுற்றிக் காய்ச்சி அடித்துக் குழலாக்கினர். அந்த முறுக்கு குழலின் மேலே மரத்தின் வைரக்கோடு போல நெளிந்து தெரியும். ‘டமாஸ்கஸ் குழல்’ என்று அதற்குப் பெயர். கரிமருந்துக்கென்று பிறந்த அக்குழலில் இக்காலத்துப் புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் வெடித்துப் பிளக்கக்கூடும். வாதுமை மரப் பிடியில் எண்ணெய் தேய்த்த பளபளப்பு, பூட்டுத் தகட்டில் செதுக்கிய நாயும் பறவையும், தோளில் வைத்தவுடன் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும் கனச்சமநிலை எல்லாம் தொழிலாளியின் கைத்திறன். பேர்மிங்காமின் பட்டறைகளில் குழலடிப்பவன், பூட்டுச் செய்பவன், பிடி கடைபவன், செதுக்குபவன் என்று தொழில் பிரிந்திருந்தது. அவர்கள் பெயர் துவக்கில் இராது. முதலாளியின் பெயரே இருக்கும். அழகிய துவக்கைக் கண்டு வியப்பவனை நான் பழிக்கமாட்டேன். அந்த வியப்பு ஒரு கைவினைஞனுக்குச் செலுத்தும் வணக்கம் என்பதை அவன் அறியாதிருப்பதுதான் குறை.

எங்கள் பக்கத்து ஏழையின் துவக்கோ இடியன். வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய்த்தும்பு வைத்து இடித்து, சன்னம் போட்டு, மேலும் இடித்து, பிறகு குதிரையை இழுத்து ஒருமுறை வெடிக்கலாம். ஊர்க் கொல்லன் செய்தது. அதற்குச் சந்தையில் மதிப்பில்லை, சட்டத்தில் அனுமதியும் பெரும்பாலும் இல்லை. இந்தியாவிலே 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துவக்கு வைக்க உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இலங்கையில் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென்று 1894இல் ஒரு சங்கம் தோன்றியது. தோன்றச் செய்தவர் பெரும்பாலும் வேட்டையாடும் தோட்டத்துரைமாரே. அவர்கள் காக்க விரும்பியது தங்கள் வேட்டையை. யாலப் பகுதியில் ‘வதியும் வேட்டைக்காரர்க்கு’ என்று ஒரு காட்டை ஒதுக்கியும் வைத்தனர். அங்கே தலைமுறை தலைமுறையாக வதிந்த சிங்களக் கிராமத்தான் அந்த ‘வதியும்’ என்ற சொல்லுள் அடங்கவில்லை என்பதைக் கவனிக்க. அதே மானைத் துரை சுட்டால் விளையாட்டு, கமக்காரன் சுட்டால் களவு. ‘கள்ளவெடி’ என்ற நம் ஊர்ச் சொல் பிறந்த வரலாறு இதுவே. நேர்மையாகச் சொல்வதானால் இதற்கு மறுபக்கமும் உண்டு: அந்தச் சங்கமே பிற்காலத்தில் வனவிலங்குகளின் உண்மையான காவலாய் மாறியது, 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இல்லையேல் இன்று வில்பத்துவில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எண்ணவே அச்சமாயிருக்கிறது. வரலாறு நம் வசதிக்கேற்ப ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்பதில்லை.

கோர்பெட்டுக்கு வருவோம். நான் அன்று வாயடைத்த நண்பரிடம் பின்னர் நூல்களை வாங்கிப் படித்தேன். ‘குமாயூன் ஆட்கொல்லிகள்’ 1944இலும், காட்டறிவைப் பற்றிய நூல் 1953இலும் வந்தவை. இவருடைய முதல் துவக்கு எது தெரியுமா? வலக்குழல் வெடித்துப் பிளந்த, பிடி உடைந்த, பித்தளைக் கம்பியாற் சுற்றிக் கட்டிய ஒரு பழைய இரட்டைக்குழல் வாய்த்துவக்கு. குமாயூன் பறவைகளைப் பற்றி நூலெழுதிய உறவினர் ஒருவருக்குப் பறவை சேகரித்துக் கொடுத்ததற்காகச் சிறுவனுக்குக் கிடைத்த பரிசு. ஒரு குழல் மட்டுமே பயன்படும். அந்தத் துவக்கைப் பற்றிய பக்கங்களில் பேக்கரின் செருக்கு இல்லை. கிழிந்த சட்டையை விரும்பி அணியும் பையனின் மகிழ்ச்சி இருக்கிறது. இடியனைக் கையில் பிடித்த எங்கள் ஊர்ப் பையன் அப்பக்கங்களைப் படித்தால் தன்னைக் காண்பான். அப்பால் ராபின் என்னும் நாய். 15 ரூபாவுக்கு வாங்கியது. முன்னைய பெயர் பிஞ்சா. காயம்பட்ட சிறுத்தை பாய்ந்தபோது ராபின் அஞ்சி ஓடியதையும், ஓடியபின் அது வெட்கி நின்றதையும் கோர்பெட் மறைக்காமல் எழுதுகிறார். வீரநாயைப் பற்றி எழுதுவது எளிது. அஞ்சிய நாயை, அதன் அச்சத்தோடு சேர்த்து நேசிக்கத்தக்கதாய் எழுதுவதற்குக் கலைஞன் வேண்டும்.

மனிதரிடத்தும் கோர்பெட் குருடர் அல்லர். 1952இல் எழுதிய நூலை இந்தியாவின் ஏழைகளுக்கே காணிக்கையாக்கினார். காட்டை அவருக்குக் கற்பித்தவருள் ஒருவரான குன்வர் சிங்கைப் பெயரோடும் குணத்தோடும் ஓர் அத்தியாயம் முழுதும் வாழவைத்தார். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அதே காட்டில், அதே பறவையை, அதே வகைத் துவக்கால் இருவரும் சுட்டனர். ஒருவர் வேட்டைக்காரர், மற்றவர் கள்ளவேட்டைக்காரர். அச்சொல்லை அன்போடும் நகையோடுமே கோர்பெட் பயன்படுத்துகிறார் என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல் எவருடைய அகராதியிலிருந்து வந்தது என்று ஒருமுறையேனும் நின்று கேட்கவில்லை. ஏழைகளை நேசித்தார், ஏழ்மை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர் காட்டுப் பாதையிற் குறுக்கிடவில்லை. இந்த எல்லையைச் சுட்டுவது நம் கடமை. எல்லை இருக்கிறது என்பதற்காக எல்லைக்குள் விளைந்ததை எரித்துவிடுவது நம் கடமை அன்று. நான் அன்று செய்தது அதுதான்.

அந்த எல்லையைக் கடந்த வேட்டைக்காரன் ஒருவன் உண்டு. துர்கனேவ். அவருடைய ‘வேட்டைக்காரனின் சித்திரங்கள்’ 1852இல் நூலாக வந்தது. முதற் சித்திரம் 1847இலேயே ஏட்டில் வெளியாகிவிட்டது. கதை சொல்பவன் நிலப்பிரபு. கையில் துவக்கு, காலடியில் நாய், தேடிப்போவது காட்டு உள்ளானும் கௌதாரியும். வெளித்தோற்றத்தில் பேக்கரின் நூலுக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. ஆனால் பறவையைத் தேடிப் போனவன் மனிதரைக் கண்டு திரும்புகிறான்.

யெர்மலாய் என்பவனைப் பாருங்கள். இவன் அயல் நிலப்பிரபு ஒருவனின் பண்ணை அடிமை. மாதந்தோறும் இரண்டு சோடிக் காட்டுக்கோழியும் கௌதாரியும் எசமானின் அடுக்களைக்குக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பது இவனுக்கு இடப்பட்ட கட்டளை. மற்றபடி எங்கே உண்டான், எங்கே உறங்கினான் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே வரியில் பறவை எப்படி வாரமாக மாறுகிறது என்று காட்டிவிட்டார் துர்கனேவ். அவன் துவக்கு ஒற்றைக்குழல். வெடிக்கும்போது பின்னுக்கு உதைக்கும் உதையில் அவன் வலக்கன்னம் எப்போதும் இடக்கன்னத்தைவிடப் பருத்திருக்கும். பழைய துவக்கின் அழகைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் உண்டு. பழைய துவக்கு ஏழையின் கன்னத்தில் என்ன எழுதுகிறது என்று எழுதியவர் இவர். அவன் நாய் வலெத்கா. யெர்மலாய் அதற்குச் சோறு போட்டதே இல்லை; நாய் அறிவுள்ள பிராணி, தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அவன் சித்தாந்தம். எசமான் அவனை எப்படி வைத்திருந்தானோ அப்படியே அவன் நாயை வைத்திருக்கிறான்! அதற்கும் கீழே இன்னொரு படி உண்டு. இடிந்த குடிலில் அவன் மனைவி கிடக்கிறாள். வெளியிலே எவர்க்கும் இணங்கிப் போகும் யெர்மலாய், வீட்டிற்குள் கால்வைத்ததும் கொடியவனாகிறான். அடிமையை உத்தமனாக்கி நம் கண்ணீரை மலிவாக வாங்க துர்கனேவ் முயலவில்லை. ஒடுக்குமுறை மேலிருந்து கீழே படிப்படியாய் இறங்குவதை, ஒரு வேட்டை நாளின் சில்லறைச் செய்திகளாகச் சொல்லிப் போகிறார். அன்றிரவு ஆலையில் தங்கும்போது ஆலைக்காரன் மனைவி அரீனாவின் கதை வெளிவருகிறது. விரும்பியவனை மணக்க அனுமதி கேட்ட குற்றத்துக்காக எசமானி வீட்டார் தலைமயிரைக் கத்தரித்து அவளை ஊருக்கு விரட்டியிருந்தனர். கதை முடியும்போது பறவை எதுவும் நம் நினைவில் இல்லை.

இந்நூலை வெளிவர அனுமதித்த தணிக்கை அதிகாரி வேலையிழந்தார். கோகோலின் மறைவுக்கு இரங்கல் எழுதியதைக் காரணம் காட்டி 1852இல் துர்கனேவ் சிறைவைக்கப்பட்டு, பின் தம் ஊரிலேயே காவலில் இருத்தப்பட்டார். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய ‘முமு’ என்ற கதையையும் நாம் மறக்கக்கூடாது. செவிட்டூமையான ஓர் அடிமை, தன் வாழ்வில் மிஞ்சிய ஒரே உறவான நாயை, எசமானியின் உறக்கம் கெடுகிறதென்பதற்காகத் தன் கையாலேயே ஆற்றில் மூழ்கடிக்க நேர்ந்த கதை. அந்த எசமானிக்கு மாதிரி துர்கனேவின் சொந்தத் தாயார். பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல். ஒரு நூலால் அது ஒழிந்தது என்று சொல்வோரும் உளர், அது மிகை. ஆனால் படித்தவர்களின் மனத்தில் அடிமைக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது இந்நூல் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘வேட்டை’ என்றதும் முகஞ்சுளிக்கும் தோழர்கள் லெனினின் சைபீரிய வனவாசத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். சூஷென்ஸ்கயேயில் இருந்த நாள்களில் அவர் பெரு வேட்டைக்காரர். ஜென்கா என்ற நாயைத் தாமே பழக்கினார். யெனிசேய் ஆற்றுத் தீவுகளில் அகப்பட்ட முயல்களைச் சுட்டுக் குவித்ததையும் குரூப்ஸ்கயா எழுதியிருக்கிறார். பின்னொருநாள் நேர்முன்னே வந்து நின்ற நரியைச் சுடாமல் விட்டுவிட்டு, அது அவ்வளவு அழகாயிருந்தது என்று காரணம் சொன்னதையும் எழுதியிருக்கிறார். முயலையும் நரியையும் ஒன்றாய் நிறுத்திப் பார்க்கையில் எனக்குச் சிறிது நகைப்பும் வருகிறது.

தமிழில் என்ன இருக்கிறது? சங்கப் பாட்டில் சினமிக்க நாயோடு காட்டுக்குப் போகும் எயினரும் கானவரும் நிரம்பவுண்டு; நாய் விட்டு வளைத்து வலையில் முயல் பிடிப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. சேக்கிழார் திண்ணனாரின் முதல் வேட்டையை நாயும் வில்லுமாய் விரித்துப் பாடினார். இவற்றிலே நாய் இருக்கிறது, நாயின் பெயர் இல்லை. அந்தக் குறையை ஒரு கல் தீர்த்து வைத்தது. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. தொறு மீட்கும் போரில் இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயையும் அதிலே செதுக்கிவிட்டு, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். புலவர் செய்யாததை ஊரார் செய்திருக்கின்றனர். பேக்கருக்கு 1,200 ஆண்டு முன்னர் ஓர் ஊர், மனிதன் பெயரையும் நாயின் பெயரையும் ஒரே கல்லில் எழுதியது! இந்த ஒரு கல்லை முன்வைத்தே நம் மரபுக்கு ஒரு விமர்சன அளவுகோல் எழுப்பலாம் என்பது என் எண்ணம்.

இங்கேதான் என் சிவப்பு மை என்னைக் குத்துகிறது. 1960களின் முற்பகுதியில் நம் மூத்த எழுத்தாளர்கள் பேச்சுத் தமிழைக் கதையில் கொண்டுவந்தபோது, அதை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் ஏசினர். அந்தப் போரைப் பற்றி நான் வகுப்பிலே ஆவேசமாய்ப் பாடம் நடத்துகிறவன். அதே நான்தான் ‘துவக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் வெட்டினேன். துவக்கு எங்கள் கரையின் சொல். கண்டல் சேறு போல இங்கேயே ஒட்டிக்கிடப்பது. ‘துப்பாக்கி’ என்று மாற்றியவுடன் அந்தக் கட்டுரையில் இருந்த கிழவர் காணாமற் போய், பாடப்புத்தகத்துப் படைவீரன் ஒருவன் வந்து நின்றான். பண்டிதர் வெளியே மட்டும் இருப்பதில்லை.

வெட்டிய கடைசிப் பந்தியைச் சொல்கிறேன். 1980களின் நடுவில் ஒருநாள் துவக்குப் போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்று பையன் எழுதவில்லை. அந்நாள்களில் இப்பக்கம் வாழ்ந்தவர் எவரும் அக்கேள்வியை இரண்டாம் முறை கேட்டதில்லை. துவக்குப் போனபின்னும் இரு கூட்டாளிகளும் நாயோடு பற்றைக்குப் போய்வந்தார்கள். நாய் பறவையை எழுப்பும், இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு 1990 ஒக்டோபர். வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். விடத்தல்தீவில் பாதித் தெருக்கள் வெறிச்சோடின. கூட்டாளி குடும்பத்தோடு புத்தளம் போனார். நாயை யார் ஏற்றுவார்? கறுவல் பூட்டிய வீட்டின் வாசலிலேயே படுத்தது. அம்மப்பா சோறு கொண்டுபோய் வைப்பார், தன் வீட்டுக்குக் கூட்டிவருவார். பொழுது சாய அது எழுந்து அந்த வாசலுக்கே போய்விடும். இரண்டு மாரி கழிந்து செத்தது. போர் முடிந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பின் கூட்டாளி ஊர் பார்க்க வந்தார். வீடு கல்லுங் கிடங்குமாய்க் கிடந்தது. அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, துவக்கைப் பற்றியும் கேட்கவில்லை. “கறுவல் எங்க செத்தவன்?” என்று கேட்டார். அம்மப்பா வாசலிருந்த இடத்தைக் காட்டினார்.

இதைத்தான் நான் தலைப்புக்குப் புறம்பு என்று கோடிட்டேன். ‘முமு’வைப் படித்துக் கண்கலங்கியவன் நான், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் மூழ்கிய நாய்க்காகக் கலங்கியவனுக்கு, எட்டிப் பார்த்தால் தெரியும் வாசலில் கிடந்த நாய் புலப்படவில்லை. இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. நம் முற்போக்கு எழுத்தில் அந்த 1990ஐப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். எழுதியவற்றுள்ளும் அறிக்கை நடையே மேலோங்கி நிற்கிறது. ஒரு நாயைக் கொண்டு அதைச் சொல்லலாம் என்பது பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவில்லை, பத்தாம் தரத்துப் பையனுக்குத் தோன்றியது.

இனி, வேட்டையைப் போற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடத்தல்தீவின் 29,180 ஹெக்டெயர் களப்பும் கடலும் கண்டலும் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. சில இனங்கள் நீங்கலாகப் பறவை எதையும் இன்று சட்டப்படி சுட முடியாது; சுடவும் கூடாது என்பதே என் கட்சி. இங்குள்ள கௌதாரியின் தொகை இடியனைத் தாங்காது. ஆனால் பாருங்கள்: 2024 மே மாதத்தில் அதே ஒதுக்கிடத்திலிருந்து 168 ஹெக்டெயரை நீரின வளர்ப்புக்கென்று விலக்கி வர்த்தமானி வெளியிட்டனர். கௌதாரி ஒன்றுக்காகக் கிழவனைப் பிடிக்கும் அதிகாரத்தின் பேனா, பண்ணை முதலீட்டுக்காகக் களப்பையே ஒரு வரியில் வெட்டித் தருகிறது. பேக்கர் காலத்து ‘வதியும் வேட்டைக்காரர்’ வேறு உடையில் வந்திருக்கிறாரோ என்று எனக்கு ஐயம்.

கிழவர் கௌதாரி எந்தப் புதரில் முட்டையிடும், எந்த மாதத்தில் குஞ்சோடு திரியும், கறையான் புற்றுக்கு எப்போது வரும் என்றெல்லாம் அறிந்தவர். அது வேட்டையால் வந்த அறிவு. வேட்டை நின்றது நன்று. அறிவும் அதோடு நின்றுபோக வேண்டுமா? கோர்பெட் தம் அறிவை எழுதிவைத்தார், துர்கனேவ் எழுதிவைத்தார். காட்டின் மறுபக்கத்தில் நின்ற யெர்மலாய் எழுதவில்லை. அவனுக்காக ஒரு நிலப்பிரபு எழுதவேண்டியதாயிற்று. நம்மிடத்திலோ யெர்மலாயின் பேரன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான், அவன் கையில் பேனாவும் இருக்கிறது.

கொப்பியை அவனிடம் திருப்பிக் கொடுத்து, நான் வெட்டியவற்றை எல்லாம் மறுபடி எழுதிவரச் சொன்னேன். பையன் நம்பவில்லை.

“துவக்கு எண்டே எழுதலாமா, சேர்?”

“எழுது. அம்மப்பாட்டத் திரும்பக் கேள். அது எந்தத் துவக்கு, எத்தனை குதிரை, எல்லாம் கேட்டு எழுது.”

ஒரு கிழமை கழித்துக் கொண்டுவந்தான். அம்மப்பாவுக்குப் பேர்மிங்காமைத் தெரியாது. துவக்கில் ஏதோ இங்கிலீசு எழுத்து இருந்ததாம், தேய்ந்து போயிற்றாம். இடக்குதிரை விழாது, வலது மட்டுமே வெடிக்கும். பிடி ஒருமுறை உடைந்து, வள்ளத்துக்குப் போடும் செம்பாணி அடித்துப் பொருத்தினது. கறுவலுக்கு வலக்காது கிழிந்திருக்கும், பன்றி கிழித்தது. பறவை விழுந்தால் எடுத்துவரும், ஆனால் கூட்டாளியின் கையில்தான் கொடுக்கும், அம்மப்பாவிடம் கொடுக்காது. புதிதாய் மூன்று பக்கம் சேர்த்திருக்கிறான். அவற்றை நான் இன்னும் திருத்தவில்லை.